முதலிடம்

“கண்ணை மூடியே வச்சிருங்கம்மா, திறக்கக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் இன்னொரு சொட்டு விட்டாள். மருந்து எரிந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கப் பஞ்சைக் கையில் திணித்துவிட்டுக் கேட்டாள், “கூட வர்றவங்க வந்துட்டாங்களா?”

“வந்துட்டிருக்காரு.”

“அப்பவும் இதைத்தான் சொன்னீங்க. ஆள் இல்லாம உள்ள எடுக்க மாட்டாங்க, சொல்லிட்டேன்.”

எந்தக் கண் என்று டாக்டர் குழம்பிவிடக் கூடாதென்று அவள் இடது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அது அரித்தது. பெஞ்சில் தன் பக்கத்து இடத்தில் பையை வைத்திருந்தாள். யாராவது உட்கார வந்தால், மூடிய கண்ணோடு பையின் மேல் கையை வைத்து “ஆள் இருக்கு” என்றாள். இந்தப் பக்கம் ஒரு மனிதர் தன் மனைவிக்குச் சுவரில் இருந்த அறிவிப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். “செருப்பை வெளியே விடவும். சத்தம் போடக் கூடாது.” “இதையெல்லாம் எதுக்கு எனக்குப் படிக்கிறீங்க?” என்று அந்தம்மா சலித்துக்கொண்டாள். சலித்துக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதே பெரிய சொத்து என்பது அந்தம்மாவுக்குத் தெரிய நியாயமில்லை.

அரை மணி நேரம் என்றுதான் கணவர் சொல்லியிருந்தார். காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், “நீ ஆட்டோ பிடிச்சு முன்னால போ. சபையில மேடைக்கு மேல ஒழுகுதாம், மைக் வயர்ல தண்ணி இறங்குதாம். சாயங்காலம் விசேஷக் கூட்டம். ஒரு அரை மணி நேரம், முடிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுறேன்.”

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். சண்டை போட்டுச் சண்டை போட்டு அலுத்துப்போன இடம் அது.

ஆனால் இந்த ஒரு நாளை அவர் தந்திருந்தார். அதுதான் நெஞ்சில் கிடந்து எரிந்தது. அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். போன மாதம் தையல் மெஷின் ஊசி அவள் விரல் நகத்தைத் துளைத்து இறங்கியது. விரல் எது துணி எது என்று தெரியாத அளவுக்குக் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அந்த விரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். “நானே கூட்டிட்டுப் போறேன். அன்னைக்கு யார் கூப்பிட்டாலும் கிடையாது” என்றார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் வேறு சொன்னார், “வியாழக்கிழமை நான் லீவு. யாரும் தேடாதீங்க.” சபை சிரித்தது. அவளும் சிரித்தாள். கல்யாணமான புதுசில்கூட அப்படி அவள் வெட்கப்பட்டதில்லை.

“அத்தை.”

மருமகன் குரல். கண்ணைத் திறந்தாள். மருந்தில் விரிந்துபோன கண்மணிக்குள் வெளிச்சம் வெள்ளமாகக் கொட்டியது. எதிரே ஒரு நிழல் மட்டும் நின்றது.

“நீங்க எதுக்கு வந்தீங்க? உங்களை அனுப்பி வச்சாரா?”

“வாங்க அத்தை, போலாம்.”

“எங்க போலாம்? அடுத்தது நான்தான். அவர் எங்க?”

“சபையிலதான்... இன்னொரு நாள் பாத்துக்கலாம் அத்தை. எந்திரிங்க.”

அவளுக்கு வந்ததே கோபம். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “அங்கேயே ஒரு பாயை விரிச்சுப் படுத்துக்கச் சொல்லுங்க. வீடுன்னு ஒண்ணு எதுக்கு? ஊர்ல ஒருத்தன் வீட்டு பல்பு எரியலேன்னா ஓடத் தெரியுது, பொண்டாட்டிக்குக் கண்ணு அவிஞ்சா மட்டும் அரை மணி நேரம் தள்ளித்தான் தெரியும்...” படி இறங்கும்போதும் திட்டினாள். வாசல் வரை திட்டினாள். மருமகன் ஓயாமல் பேசுகிற ஆள். வாயைத் திறந்தால் எதிராளிக்கு மூச்சுவிட இடம் கொடுக்காதவர். அவர் ஒரு வார்த்தை பேசாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி கூடவே வருகிறார் என்பது கார் கதவருகே வந்த பிறகுதான் உறைத்தது.

நின்றாள்.

“மாமா விழுந்துட்டாரு அத்தை. கூரை ஷீட் உடைஞ்சு.”

“எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க?”

மருமகன் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “அவர் போயிட்டாரு அத்தை.”

*

கண்ணுக்கு விட்ட மருந்து இறங்க அன்று முழுக்க ஆனது. அதனால் அவருடைய முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியின் பிரகாசத்துக்கு நடுவே கலங்கலாக ஒரு பழுப்பு நிறம், அதுதான் முகம். கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். தாடை வழவழவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சவரம் செய்கிற மனிதர். சட்டையைத் தடவினாள். காலரில் தன்னுடைய தையல் விரலுக்குத் தட்டுப்பட்டது. நல்ல சட்டை. நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது கூரை ஏறுவார்களா? அங்கிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு வருவதற்குத்தான் போட்டிருக்கிறார். அதை நினைத்தபோது அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த கொஞ்ச நேரத்தில் சபை மொத்தமும் வந்துவிட்டது. தெருவில் அவருக்கு ‘அல்லேலூயா’ என்று பெயர். மின்சாரம் போனால் “அல்லேலூயாவைக் கூப்பிடு” என்பார்கள். மேல்வீட்டுக்காரர் விடியற்காலை ஜெபச் சத்தம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து “அல்லேலூயா, உன் ஆண்டவருக்குக் காது கேக்கும்யா, மெதுவா சொல்லு” என்று கத்தியிருக்கிறார். அவரும் வந்து வாசலோரம் நின்றார். உள்ளே வரத் தெரியாமல் நின்றார்.

உள்ளே வரத் தெரிந்தவர்கள்தான் பேசினார்கள்.

“பாக்கியமான மரணம் சிஸ்டர்” என்றார் சபைச் செயலாளர். அவருக்கு ஒலிபெருக்கியே தேவைப்படாத குரல். “நமக்கெல்லாம் கிடைக்குமா? பிரசங்க மேடைக்கு முன்னாலயே, அந்தப் படியிலயே விழுந்திருக்காரு. ஒரு காணிக்கை மாதிரி.”

“கர்த்தர் கொடுத்த சாவு” என்றாள் ஒருத்தி.

“நீங்க அழக் கூடாதும்மா. சந்தோஷப்படணும்” என்றாள் இன்னொருத்தி.

அவள் அழவில்லையே. அவள் கண்ணில் வழிந்தது காலையில் விட்ட மருந்தாகக்கூட இருக்கலாம். சந்தோஷப்படச் சொன்னவளின் கை தன் தோளில் இருந்தது. அந்தக் கையை எடுத்து அவளுடைய மடியிலேயே வைத்தாள்.

பாஸ்டர் கடைசியாக வந்தார். அவள் புருஷனைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். காலடியில் நின்று ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் செயலாளர்தான் கேட்டார், “கடைசியா ஏதாவது பேசினாரா பாஸ்டர்? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?”

ஒரு கணம் கழித்துப் பாஸ்டர் சொன்னார், “‘நேரமாச்சு’ன்னு சொன்னாரு.”

“ஆமென்!” என்றார் செயலாளர். “கேட்டீங்களா? நேரமாச்சுன்னு சொல்லியிருக்காரு. அழைப்பு வந்தது தெரிஞ்சிருக்கு!” அறை முழுக்க ஸ்தோத்திரம் எழும்பியது. ஒருத்தி பாட்டெடுத்தாள். மற்றவர்கள் கைதட்டிச் சேர்ந்துகொண்டார்கள்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பீரோ கதவில் அவர் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும் இடம் கண் தெரியாமலே தெரிந்தது. ‘தேவனுக்கே முதலிடம்.’ ஒருநாள் கேட்டிருக்கிறாள், “சரி, ரெண்டாவது இடம் யாருக்கு?” அவர் பொய் சொல்லத் தெரியாதவர். யோசித்தார். “ரெண்டாவது... சபைக்குத்தான்” என்றார். “மூணாவது?” அதற்குள் யாரோ வீட்டு மோட்டார் ஞாபகம் வந்து ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் கல்யாணப் போட்டோவில்கூட அவர் சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற ஒரு டெஸ்டர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

யாரைக் குற்றம் சொல்ல? அவரைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவள்தான். அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்தார். மகள் கைக்குழந்தை. ஒரு ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டுக் கதறினாள்: ‘இந்த மனுஷனை நீயே எடுத்துக்கோ ஆண்டவரே. என்னால முடியல. நீயே எடுத்துக்கோ.’ அவர் குடியை விட்டார். சம்பளம் வீட்டுக்கு வந்தது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். ஆறு மாதம், ஏழு மாதம், அவளுக்குக் கிடைத்த புருஷன் அதுதான். அதற்குப் பிறகு ஆண்டவர் அவரைத் தவணை முறையில் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். முதலில் ஞாயிறு. பிறகு வெள்ளி உபவாசம். சனிக்கிழமை சபைச் சுத்தம். செவ்வாய் வீட்டுக் கூட்டம். நோயாளி, சிறைச்சாலை, யார் யார் வீட்டு வயரிங்கோ. எல்லாம் நல்ல காரியம். ஒன்றைக்கூடக் குறைசொல்ல முடியாது. குறைசொல்ல முடியாத ஒருவரோடு குடும்பம் நடத்துவது எத்தனை சிரமம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவளும் ஜெபிக்கிறவள்தான். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஜெபிப்பாள். இப்போதும் ஜெபித்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ‘எடுத்துக்கோன்னு சொன்னேன், ஒத்துக்குறேன். அதுக்காக மிச்சம் மீதி இல்லாமலா? ஒரே ஒரு வியாழக்கிழமை. அதுகூட உனக்குப் பொறுக்கலையா? உன் வீட்டுக் கூரை ஒழுகினா உனக்கு என்ன, ஜலதோஷமா பிடிச்சிடும்?’

பாட்டு சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. பதில் எதுவும் அவள் காதில் விழவில்லை.

*

மறுநாள் காலை பார்வை பழைய புகைமூட்டத்துக்குத் திரும்பியிருந்தது. அந்த அளவாவது தெரிந்ததே என்று இருந்தது. பெட்டியில் வைத்த பிறகு அவர் முகத்தை ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்த்தாள். நெற்றியில் அடிபட்ட இடத்தைத் தலைமுடியை இழுத்துவிட்டு மறைத்திருந்தார்கள். அவர் அப்படி வாருகிறவரே இல்லை. யார் வாரிவிட்டார்கள் என்று தெரியவில்லை. அதற்கும் ஆத்திரம் வந்தது. விரலால் முடியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். காயம் தெரிந்தது. தெரியட்டும்.

சமையலறையில் பாஸ்டரின் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள்தான் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறாள். அதிகம் பேசாதவள். கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற புருஷனுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பாத்திரத்தோடு நிற்கிறவள்.

“அக்கா, ஒரு வாய் குடிங்க.”

“வேண்டாம்.”

“நேத்துலேர்ந்து எதுவும் சாப்பிடலையே.”

“உள்ள இறங்காது. விடு.”

பாஸ்டர் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சமையலறைக் கதவைப் பாதி சாத்தினாள். இவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா என் வீட்ல பூகம்பம் வரும். சொல்லலேன்னா நான் இனிமே உங்க முகத்துல முழிக்க முடியாது.”

“என்ன?”

“அண்ணன் நேத்து வர மாட்டேன்னுதான் சொன்னாரு.”

இவள் கை அடுப்பு மேடையின் விளிம்பைப் பிடித்தது.

“இவர் போன் பண்ணும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. ‘இல்ல பாஸ்டர், இன்னைக்கு அவளுக்கு ஆபரேஷன், வேற யாரையாவது பாருங்க’ன்னாரு அண்ணன். இவர் திரும்பக் கேட்டாரு. திரும்பவும், ‘மன்னிச்சிடுங்க பாஸ்டர், வாக்குக் கொடுத்துட்டேன்’னாரு. அதுக்கப்புறம்தான் இவர்...” அவள் நிறுத்தினாள்.

“சொல்லு.”

“‘ஆண்டவர் வேலையைவிட உங்களுக்கு அது பெருசாப் போச்சா பிரதர்?’ன்னு கேட்டுட்டாரு.”

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேருமே அதை அணைக்கவில்லை.

“அண்ணன் பக்கத்துலேர்ந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்ல அக்கா. அப்புறம் ‘வர்றேன்’னாரு. வந்தாரு. மேல ஏறும்போதே எங்கிட்ட மணி கேட்டாரு. விழுந்ததும் நான்தான் முதல்ல ஓடினேன். என் மடியிலதான் தலை இருந்தது. ‘நேரமாச்சு, அவ ஒக்காந்திருப்பா’ன்னாரு. அதுதான் அவர் சொன்னது. நேரமாச்சு மட்டும் இல்ல. ‘அவ ஒக்காந்திருப்பா.’ இவரும் கேட்டாரு. பக்கத்துலதான் நின்னாரு.”

வெளியே செயலாளர் நாற்காலிகளை எண்ணி ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். இவள் அடுப்பை அணைத்தாள். மேடையில் வழிந்ததைத் துணியால் துடைத்தாள். ஒரு துளி மிச்சம் வைக்காமல் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

“உன் வீட்டுக்காரரை இங்க வரச் சொல்லு.”

*

பாஸ்டர் பின்வாசலில் வந்து நின்றார். துணி துவைக்கிற கல்லும் ஒரு கொடிக்கயிறும் மட்டும் இருந்த இடம். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

“உக்காருங்கம்மா” என்றார்.

“நிக்கிறேன். போன்ல அவர்கிட்ட அந்த வார்த்தையைக் கேட்டீங்களா?”

“எந்த...”

“பாஸ்டர்.”

அவர் தலையைக் குனிந்தார். “கேட்டேன்.”

“அதுன்னு எதைச் சொன்னீங்க? ‘அது பெருசாப் போச்சா’ன்னா, எது? என் கண்ணா, நானா?”

“அம்மா, அந்த நேரத்துல டென்ஷன். வெளியூர்லேர்ந்து பிரசங்கியார் வர்றாரு, மேடையெல்லாம் தண்ணி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஒரு வார்த்தைதான். நான் அவரை இப்படி... அவர் எனக்கு அண்ணன் மாதிரிம்மா. அந்தச் சபையில ஒரு சுவர் அவர் கை படாம எழும்பல.”

“தெரியும். அது எழும்பும்போது என் வீட்டுச் சுவர்ல பாதி இடிஞ்சிருந்தது.”

“சரி, அந்த வார்த்தை டென்ஷன்ல வந்தது. நேத்து இந்த வீட்டுக்குள்ள நின்னு, அவர் சொன்னதுல பாதியை வெட்டிட்டுச் சொன்னீங்களே, அதுவும் டென்ஷனா?”

“எல்லாரும் ஆறுதலுக்குக் காத்துக்கிட்டிருந்தாங்க...”

“எனக்கு ஆறுதல் அந்தப் பாதியிலதான் இருந்தது. அதை நீங்க எடுத்து வச்சுக்கிட்டீங்க.”

பாஸ்டரின் கை கொடிக்கயிற்றைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. கயிற்றில் அவள் புருஷனுடைய பனியன் ஒன்று இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

“முழுசா சொல்லணும்” என்றாள். “இன்னைக்கு. மேடையில.”

“அம்மா, யோசிச்சுப் பாருங்க. புது விசுவாசிங்க இருக்காங்க. பாஸ்டர் கட்டாயப்படுத்தித்தான் அவர் வந்தாரு, செத்தாருன்னு தெரிஞ்சா இடறிப் போயிடுவாங்க. பாதிப் பேர் நாளைக்கு வர மாட்டாங்க. அவர் உயிரைக் கொடுத்த சபை உடைஞ்சிடும். அது அவருக்குச் சந்தோஷமா இருக்குமா?”

“அவருக்கு எது சந்தோஷம்னு எனக்குச் சொல்லித் தராதீங்க.” அவள் குரல் உயரவில்லை. உயராததாலேயே உள்ளே இருந்த பாஸ்டர் மனைவி வாசல்படிக்கு வந்துவிட்டாள். “பரிசுத்தம் பரிசுத்தம்னு வருஷக்கணக்கா பேசினீங்க. நான் முன்வரிசையில ஒக்காந்து கேட்டேன். பொய் சொல்லாதேன்னு என் மகளை அடிச்சு வளர்த்தேன். செத்த மனுஷன் வாயில பொய்யை வச்சுத் தைக்கிறதுதான் பரிசுத்தமா? அந்த மனுஷன் வாழ்க்கையில முதல் தடவையா எனக்காக உங்ககிட்ட ‘இல்ல’ன்னு சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. அது அவர் செஞ்ச பாவம்னா பாவம்னே சொல்லிடுங்க. ஆனா சொல்லுங்க.”

“அது பாவம் இல்லம்மா” என்றார் பாஸ்டர், மிக மெதுவாக.

“அப்ப சொல்ல என்ன பயம்?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வாசல்படியில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள், “அம்மா, வண்டி வந்துடுச்சு.”

*

சபையில் உடைந்த ஷீட் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழேதான் பெட்டியை வைத்திருந்தார்கள். வெயில் தார்ப்பாயில் இறங்கி, பெட்டி, பூ, பக்கத்தில் நின்றவர்களின் முகம் எல்லாமே நீலமாக இருந்தன. அவள் முன்வரிசையில் மகளுக்கும் மருமகனுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். மகள் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “நீயும் கொஞ்சம் அழுதுடும்மா” என்று காதோரம் சொன்னாள். “பொறு” என்றாள் இவள்.

செயலாளர் பேசினார். இளைஞர் சங்கத்திலிருந்து ஒருத்தர் பேசினார். எல்லோரும் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மைதான். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ ராத்திரி முழுக்க விளக்குக் கட்டினது. யாரோ குடிகாரனைத் தோளில் சுமந்து வீட்டில் விட்டது. கேட்கக் கேட்க அவளுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. கோபமும் குறையவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் இடம் கேட்டு முட்டிக்கொண்டிருந்தன.

பாஸ்டர் மேடை ஏறினார். வேதத்தைத் திறந்தார். பிறகு வழக்கமான குரலில் தொடங்கினார்.

“நம்முடைய பிரதர் கர்த்தருக்கு முதலிடம் கொடுத்தவர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இந்த மேடைக்காக அவர் சிந்தாத வேர்வை இல்லை. நேற்று இதே இடத்தில் விழுந்தபோது அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை, உங்களுக்கெல்லாம் தெரியும், ‘நேரமாச்சு’...”

“ஆமென்!” என்றது சபை.

அவள் எழுந்து நின்றாள்.

புடவையைக்கூடச் சரிசெய்யவில்லை. மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. இந்தத் தூரத்தில் பாஸ்டருடைய முகம் அவளுக்கு ஒரு வெளுத்த வட்டம் மட்டும்தான். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைக் வழியாக அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் நின்றது. பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குப் புரிந்தது, இன்னொருத்தியும் எழுந்து நிற்கிறாள். பாஸ்டரின் மனைவி.

“நான்...” என்றார் பாஸ்டர். மைக்கிலிருந்து விலகி நின்றார். பேச்சுத் தமிழுக்கு இறங்கிவிட்டார். “நான் முழுசா சொல்லல. ‘நேரமாச்சு, அவ ஒக்காந்திருப்பா’ன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரியில இவங்க காத்திருக்காங்கன்னு சொன்னாரு. கர்த்தர் கூப்பிடுறாருன்னு அவர் சொல்லல. பொண்டாட்டி காத்திருக்கான்னு சொன்னாரு.”

பாஸ்டர் வேதத்தை மூடினார்.

“நேத்து அவர் வர மாட்டேன்னு சொன்னாரு. ரெண்டு தடவை. நான்தான் விடல. ஆண்டவர் வேலையைவிட அது பெருசாப் போச்சான்னு கேட்டேன். ஆண்டவர் அப்படிக் கேக்கச் சொல்லல. நானாக் கேட்டேன்.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. “எது முதல்னு இத்தனை வருஷமா நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு நேத்து அது சரியாத் தெரிஞ்சிருந்தது. எனக்குத்தான் தெரியல.”

செயலாளர் எழுந்து ஒரு பாட்டைத் தொடங்கினார். சுருதி ரொம்ப மேலே போய்விட்டது. யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. ஒரு வரியோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

அவளும் உட்கார்ந்தாள். இப்போது மனம் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. பாஸ்டர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் நகர்ந்து, பெட்டிக்குள் கிடந்தவர் மேல் போய் உட்கார்ந்தது. ரெண்டு தடவை சொல்லத் தெரிஞ்சதே, மனுஷா. மூணாவது தடவையும் சொல்லியிருந்தா வாயா வெந்துபோயிருக்கும்? அப்போதுதான் அழுகை வந்தது. அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து, வெட்கமில்லாமல், வாய்விட்டு வந்தது. மகள் பயந்துபோய்க் கட்டிக்கொண்டாள். சந்தோஷப்படுங்கள் என்று இப்போது யாரும் சொல்லவில்லை.

*

கல்லறைத் தோட்டத்தில் முந்தின நாள் மழையின் ஈரம் மிச்சமிருந்தது. தோண்டிப் போட்ட மண் களியாக இருந்தது. எல்லோரும் ஒரு பிடி எடுத்துப் போட்டார்கள். மேல்வீட்டுக்காரர் எவ்வளவு போடுவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். பாஸ்டர் சுருக்கமாக ஜெபித்தார். முடிந்ததும் இரண்டு மூன்று குடும்பங்கள் அவரிடம் விடைபெறாமலே போய்விட்டன. செயலாளர் அவரோடு பேசாமல் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாஸ்டரின் மனைவி கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றாள். அவர்கள் இருவரும் வீட்டுக்குப் போய் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அவர்கள் பாடு.

“போலாமா அத்தை?” என்றார் மருமகன்.

அவள் கால் இரண்டும் கணுக்கால் வரை களிமண். வாசலுக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரு குழாய் இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குழாயைத் தடவிப் பிடித்தாள். அழுத்தினால்தான் தண்ணீர் வருகிற குழாய். கையை எடுத்ததும் நின்றுவிட்டது. மறுபடி அழுத்திக்கொண்டே காலை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. மகள் “இரும்மா, நான் வர்றேன்” என்று தூரத்திலிருந்து சொன்னாள்.

அதற்குள் ஒரு கை வந்து குழாயை அழுத்தியது. வெள்ளைச் சட்டைக் கை. யாரென்று பார்க்க அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. ஒரு கணம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தண்ணீர் வீணாகத் தரையில் விழுந்து தெறித்தது. குழாய் தாழ்வாக இருந்தது. பாஸ்டர் நன்றாகக் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அவருடைய கால்சட்டையெல்லாம் சேறு தெறித்தது. வாசலில் நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை நீட்டினாள். விரல் இடுக்கில் அப்பியிருந்த மண்ணை இன்னொரு காலால் தேய்த்துக் கழுவினாள். பிறகு இடது கால். அவசரப்படவில்லை. மண் முழுக்கப் போன பிறகும் காலைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள்.

போதும் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.